ஐந்நூறு ரூபாய்தானே என்றாய்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்கு அம்மா சுட்ட அதிரசம் தூக்குவாளியில் அப்படியே இருக்கிறது. நீ வராமல் யாரையும் திறக்க விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள்.

ரயிலில் படுக்கை எண் போட்ட உறுதியான டிக்கெட் கையில் இருந்தும், உள்ளே இருந்தவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டதால் ஏற முடியவில்லை என்றாய். வண்டியும் போய்விட்டது. அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே "விடுங்கள் அப்பா, ஐந்நூறு ரூபாய்தானே" என்றாயே, அதுதான் மூன்று நாளாக எனக்கு உறுத்துகிறது. முப்பத்திரண்டு வருடம் கோர்ட்டில் எழுத்தராகக் காலம் தள்ளியவன் பிள்ளை பேசுகிற பேச்சா அது?

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தை நேற்று மறுபடி புரட்டினேன். இடம் இருந்தால் என்ற நிபந்தனையோடுதான் டிக்கெட் தரப்படுகிறது என்கிறது 51ஆம் பிரிவு. யாராவது இதைச் சொல்லி உன் வாயை அடைக்கப் பார்க்கலாம். முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை என்றால் அந்தப் பேச்சு செல்லும். இன்ன பெட்டி, இன்ன படுக்கை என்று பெயர் போட்டு ஒதுக்கிக் காசையும் வாங்கிய பிறகு இடமில்லை என்பது என்ன நியாயம்? அடுத்தவருக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊழியர் சொல்லியும் எழ மறுத்தால் 155ஆம் பிரிவின்படி ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் உண்டு. இறக்கியும் விடலாம். அதைச் செய்ய வேண்டியது ரயில்வே ஊழியர்கள். முட்டி மோதி உள்ளே போவது உன் வேலை இல்லை.

நீ செய்த தவறு ஒன்றுதான். பேசாமல் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாய். அங்கேயே ரயில்வே உதவி எண் 139க்குப் போன் செய்திருக்க வேண்டும். நிலைய அதிகாரியிடம் புகார்ப் புத்தகம் கேட்டு, வண்டி எண், பெட்டி எண், நேரம் மூன்றையும் எழுதியிருக்க வேண்டும். ரயில்வேயில் எல்லாமே கடிகாரக் கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீ போகவில்லை என்றால் முழுப் பணமும் உனக்குத்தான். ஆனால் அது கிளம்புவதற்குள் டிடிஆர் என்கிற, பணத்தைத் திருப்பிக் கேட்கும் மனுவைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

எனக்கும் பட்டுத்தான் புத்தி வந்தது. நீ ஐந்தாம் வகுப்பு படித்தபோது, முதல் வண்டி தாமதமாக வந்ததால் ஜங்ஷனில் இணைப்பு வண்டியை விட்டுவிட்டோம். நீ பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கினாய். நான் விடியற்காலையில் புது டிக்கெட் எடுத்தேன். வந்து இறங்கிய மூன்று மணி நேரத்துக்குள் பழைய டிக்கெட்டை ஒப்படைத்தால், போகாத தூரத்துக்கான கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த டிக்கெட் இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

2016இல் ஜம்முவுக்கு ரயிலில் போன ஒரு குடும்பம், வண்டி நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டு, டாக்சி பிடித்துப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தாமதத்துக்குத் தக்க காரணத்தை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021இல் தீர்ப்பு வந்தது. டாக்சிச் செலவுக்கு மட்டும் 15,000 ரூபாய். அந்தக் குடும்பம் "டாக்சிக்காசுதானே" என்று விட்டிருந்தால்?

கதவைப் படம் எடுத்தேன் என்றாயே, அழித்துவிடாதே. பெட்டி எண் அதில் தெரிகிறதா என்று பார். முதலில் ரயில்வேக்கு எழுத்தில் புகார் போகட்டும். பணத்தைத் தரமாட்டோம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருட அவகாசம் உண்டு. நீ குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நீ கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமல் நீயே பேசலாம். மனுவை நான் எழுதித் தருகிறேன். இந்த வேலையை எனக்கு விட்டுவிடு, சும்மா உட்கார்ந்து கை துருப்பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் டிக்கெட்டையும் படத்தையும் அனுப்பு. எதிர்வீட்டுப் பையன் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அங்கே வருகிறான். தூக்குவாளி அவன் கையில் வரும். வாளியைத் திருப்பி அனுப்ப மறந்துவிடாதே, அம்மா கேட்பாள்.

அன்புடன்,
அப்பா