கார்போகரிசிக் குறிப்பில் விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நலவாழ்வு இணைப்பில் வெண்புள்ளி பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். தொழுநோய் இல்லை, தொற்றாது என்று தெளிவாகப் போட்டது ரொம்ப நல்ல விஷயம். ஆனால் கடைசியில் கார்போகரிசி என்ற நாட்டு மருந்து விதையை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எவ்வளவு நேரம், யார் நிற்கக் கூடாது, எதுவும் இல்லை.

என் தம்பி மகளுக்குக் கணுக்காலில் புள்ளி. ஏதோ வீடியோவைப் பார்த்து நாட்டு மருந்துக் கடையில் விதை வாங்கி, அவளே அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை, லேசாகச் சிவக்கக்கூட இல்லை. மறுநாள் ராத்திரி எரிச்சல், அதற்கடுத்த நாள் காலையில் நெல்லிக்காய் பருமனுக்கு நீர் கோத்த கொப்புளம், செருப்பு போட முடியவில்லை. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் புண்ணான இடத்தில் புதிதாகப் புள்ளி கிளம்புவதும் உண்டு, அவளுக்கும் அப்படித்தான் ஆனது.

நான் இந்த மருந்தைக் குறை சொல்லவில்லை. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் காலங்காலமாக வெண்புள்ளிக்குக் கொடுத்து வந்த விதை இது, வேலை செய்கிறது என்பதற்கான காரணமும் தெரியும். இதில் உள்ள சொராலென் என்ற வேதிப்பொருள்தான் அது, 1933லேயே இந்திய வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். எகிப்தில் நைல் கரையில் வளரும் ஒரு செடியிலிருந்து இதன் நெருங்கிய சொந்தமான ஒரு பொருளை 1947ல் எடுத்து, வெண்புள்ளிக்கே கொடுத்துப் பார்த்தார்கள். 1974ல் அமெரிக்க மருத்துவர்கள் அதையே புற ஊதா விளக்கோடு சேர்த்து, தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோய்க்குப் பயன்படுத்தினார்கள்.

சொராலென் தோல் செல்லின் டிஎன்ஏ இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. வெயிலில் உள்ள நீண்ட அலை புற ஊதாக் கதிர் பட்டதும் இரண்டு இழைகளையும் பிணைத்துவிடுகிறது. நிறம் திரும்புவதும் கொப்புளம் வெடிப்பதும் இந்த ஒரே சேர்க்கையால்தான், அளவுதான் வித்தியாசம். மருத்துவர்கள் பூசத் தரும் கரைசலில் இது மிகக் கொஞ்சமாக, அளவு தெரிந்துதான் இருக்கும், வெளிச்சத்தையும் மிகக் கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். வீட்டில் அரைக்கும் விழுதில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விதைக்கு விதை, விளைந்த இடத்துக்கு இடம் மாறும். இந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும் என்பதால், பூசிக்கொண்டு வீட்டுக்குள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் வெயிலில் இருப்பது போலத்தான். எலுமிச்சைத் தோலிலும் அத்திப் பாலிலும்கூட இந்த வகைப் பொருள் உண்டு, கையில் எலுமிச்சை பிழிந்த சாறோடு வெயிலில் போனால் சிலருக்குக் கருந்திட்டு விழுவது இதனால்தான்.

கார்போகரிசிப் பொடியை உள்ளுக்குச் சாப்பிடச் சொல்பவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் பயம். கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலையோடு வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சித்த மருத்துவர்களே இதைச் சுத்தி செய்து, அதாவது நச்சுத்தன்மை போகப் பக்குவப்படுத்தித்தான் கொடுப்பார்கள், கடையில் வாங்கி அப்படியே அள்ளிப் போட்டுக்கொள்வது எந்த வைத்தியத்திலும் இல்லை.

தயவுசெய்து வரும் இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், லூபஸ் மாதிரி வெயில் பட்டாலே தோல் கெடும் நோய் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் தோல் மருத்துவரையோ பதிவு பெற்ற சித்த மருத்துவரையோ கேட்காமல் பூச வேண்டாம். கொப்புளம் வர இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம், அதனால் முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் இருந்துவிட வேண்டாம் என்பதையும் கட்டாயம் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்