வகுப்பில் படம்: பத்து நிமிடம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி வகுப்பில் சினிமாவைக் காட்டிப் பாடம் நடத்தலாமா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் வாக்குவாதத்தைப் படித்துவருகிறேன். நடத்தலாம் என்பவர்களும் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பவர்களும், படம் என்றாலே டைட்டிலில் தொடங்கி 'வணக்கம்' வரை ஓட்டுவது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

எங்கள் பக்கக் கல்லூரிகளுக்குப் படம் போடுவது புதிதல்ல. செமஸ்டர் முடிகிற வாரம் ஸ்மார்ட் கிளாஸ் பூட்டைத் திறந்து, புரொஜெக்டரைத் தூசி தட்டி, ஏதோ ஒன்றை ஓடவிடுவார்கள். சித்தேரி மலைக்குப் பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடும். மிச்சமிருப்பவர்கள் செல்போனில். இதைப் பாடவேளைக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

உரிமைகளைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் நீதிப்பேராணைகள் (ரிட்) ஐந்தையும் மாணவர்கள் தேர்வுக்காக உருப்போடுகிறார்கள். ஆட்கொணர்வு மனு என்றால் 'ஆளைக் கொண்டுவந்து நிறுத்து', அதோடு சரி. போலீஸ் பிடித்துப்போய்க் காணாமல்போனவருக்காக ஒரு வக்கீல் இந்த மனுவைப் போட்டு வாதாடும் 'ஜெய் பீம்' (2021) ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரப் படம். எனக்கு அதில் வேண்டியது ஒரே காட்சி. இப்படிப்பட்ட மனுக்களைப் பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களை வைத்தே முடித்துவிடுவார்கள், சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். படத்தில் வக்கீல், கேரளத்து ராஜன் வழக்கை முன்னுதாரணம் காட்டி, சாட்சிகளை விசாரிக்க அனுமதி கேட்கிறார். அங்கே நிறுத்திவிட வேண்டும். யார் இந்த ராஜன்? நெருக்கடி நிலையில், 1976இல், போலீஸ் பிடித்துப்போன பொறியியல் மாணவர். தகப்பனார் ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனு போட்டது 1977இல். ஏன் அத்தனை தாமதம்? நெருக்கடி நிலை இருக்கும்வரை அப்படி மனுப் போட முடியாது என்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றமே 1976இல் சொல்லிவிட்டிருந்தது. பத்து நிமிடக் காட்சியை வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

படத்தை அப்படியே நம்பவும் விடக் கூடாது. அசல் சம்பவம் 1993இல் கடலூர் பக்கம் முதனை கிராமத்தில் நடந்தது. போலீஸ் காவலில் இறந்துபோன ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் அவர் இருளர். ஏன் மாற்றினார்கள், அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டுப் பாருங்கள், கடைசி பெஞ்சும் வாய் திறக்கும்.

காவல் நிலையக் காட்சியைப் பார்த்துக் கண் கலங்கும் எங்கள் அரூர்ப் பிள்ளைகள் பலருக்கு, பக்கத்திலிருக்கும் வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்துபோய் ஊரைச் சூறையாடி, மக்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்தது தெரியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பளித்தது தருமபுரி நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. படம் பார்த்த கையோடு இந்தத் தீர்ப்பைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். ஊர்ப் பெயர்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவை.

சட்டச் சிக்கல் வருமோ என்று கல்லூரி முதல்வர்கள் தயங்க வேண்டாம். பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால், கல்வி நிறுவனத்தில் பாடத்தின் பகுதியாகப் படம் காட்ட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. டெலிகிராமில் இறக்கிய திருட்டுப் பிரதிக்கு இந்தச் சலுகையைக் கேட்கக் கூடாது. ஆனால் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

படம் எதை மாற்றியது, தீர்ப்பு என்ன சொல்கிறது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லி, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஐந்தை அதற்கு ஒதுக்கப் பெரியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு யோசிக்கலாம். அசைன்மென்ட் என்ற பேரில் கைடைப் பார்த்து எழுதிக்கொண்டுவரும் ஒரே மாதிரி அறுபது தாளைத் திருத்தும் வேலையாவது ஆசிரியர்களுக்கு மிச்சமாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.