குளிசையைக் கூட்ட முதல் நித்திரையைக் கேளுங்கள்

யாழ். குடாநாட்டில் பிரஷர் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம். கிளினிக்கில் நம்பர் எடுப்பதற்காக விடிய நாலு மணிக்கே எழும்பி, நெடுந்தீவென்றால் படகும் ஏறி வருகிறவருக்கு, வந்த கையோடு கைப்பட்டியைச் சுற்றினால் 160 காட்டினாலும் புதினமில்லை. அந்த ஒரு இலக்கத்தை வைத்துக் குளிசையைக் கூட்டாதீர்கள்.

நல்ல நித்திரையில் பிரஷர் பகலைவிட 10 முதல் 20 வீதம் இறங்கும். நித்திரை அறுந்தால் அந்த இறக்கம் குறையும், விடிந்த பிறகும் உயர்ந்தே நிற்கும். இரவில் தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளியிடம் "இரவு நித்திரை எப்படி?" என்று கேட்டுப் பயனில்லை. கடைசியாக எப்போது படுத்தார், எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள்.

அளக்க முதல் சலம் போய்விட்டு வரட்டும். முதுகு சாய்ந்து, கால் நிலத்தில் பதிய, ஐந்து நிமிடம் கதைக்காமல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளந்து பாருங்கள். சந்தேகமென்றால் வீட்டில் ஏழு நாள், காலையும் மாலையும். முதல் நாளை விட்டுச் சராசரி 135/85ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். 180/120க்கு மேலே, நெஞ்சு நோவோ பார்வை மங்கலோ சேர்ந்திருந்தால் இந்தப் பொறுமை வேண்டாம், உடனே அனுப்புங்கள்.

குறட்டையைத்தான் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மூன்று வகைக் குளிசை போட்டும் இறங்காதவர்களில் பலருக்கு நித்திரையில் மூச்சு அடைபடுகிறது. தொண்டை தளர்ந்து காற்றுவழி மூடும், ஒட்சிசன் குறையும், மூளை திடுக்கிட்டு எழுப்பும். ஒவ்வொரு தரமும் பிரஷர் பாயும். ஆளுக்கே அது தெரியாது. கூட வந்த மனுசியிடமோ பிள்ளையிடமோ கேளுங்கள்: குறட்டை இடையில் நின்று, பிறகு திணறி இழுக்கிறாரா? கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலென்றால் சந்தேகம் வலுக்கும். மெலிந்தவர் என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம். இவர்களுக்கு நித்திரைக் குளிசை எழுதினால் தொண்டை இன்னும் தளரக்கூடும். நித்திரைப் பரிசோதனைக்கே அனுப்ப வேண்டும்.

சலம் கூட்டும் பியூரோசமைட்டை "காலை, இரவு" என்று உறையில் எழுதுவதும் நித்திரையைக் கெடுக்கும். இரண்டாவது வேளையை மத்தியானம் இரண்டு மணியளவில் போடச் சொல்லுங்கள்.

கிளினிக் கொப்பியில் பிரஷருக்குப் பக்கத்தில் முந்திய நாள் நித்திரையையும் எழுதுங்கள். "160/95, நித்திரை 3 மணி" என்றிருந்தால், அடுத்த முறை பார்க்கும் வைத்தியர் குளிசையைக் கூட்ட முதல் ஒருக்கால் யோசிப்பார்.