ரோமில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் வளர்மதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் எழுதும் வேலை வந்திருப்பதில் எனக்கும் அம்மாவுக்கும் மிகுந்த மகிழ்ச்சி. அரசுப் பணத்தில் நடக்கும் நூலில் உண்மையை எழுத விடுவார்களா என்று கேட்டிருந்தாய். கல்லூரியில் வரலாறு நடத்திய காலமெல்லாம் என்னையும் குடைந்த கேள்விதான் அது. நீ இருக்கும் ஊரிலேயே உள்ள இத்தாலியக் கலைக்களஞ்சிய நிறுவனத்தின் கதையை இதற்காகவே உனக்குச் சொல்கிறேன்.

1925இல் அது தொடங்கியது. நெசவுத் தொழிலில் பொருள் சேர்த்த ஜொவான்னி த்ரெக்கானி பணம் போட்டார். தத்துவப் பேராசிரியர் ஜொவான்னி ஜென்டிலே ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1929 முதல் 1937 வரை 35 தொகுதிகள் வெளிவந்தன. தனியொருவர் தாங்கக்கூடிய செலவா அது? 1933இல் சட்டம் இயற்றி அதைத் தேசிய நிறுவனமாக்கினார்கள்.

ஜென்டிலே இத்தாலியின் பாசிசச் சர்வாதிகாரி முசோலினியிடம் கல்வி அமைச்சராக இருந்தவர். பாசிசத்தை ஆதரித்து அறிவாளிகள் வெளியிட்ட அறிக்கையை எழுதியவரும் அவர்தான். 1932இல் வந்த 14ஆம் தொகுதியை நூலகத்தில் எடுத்துப் பார். 'பாசிசம்' என்ற தலைப்பின் கீழ் அதன் கோட்பாட்டை விளக்கும் கட்டுரை முசோலினியின் பெயரில் இருக்கும். அதன் முதல் பகுதியை எழுதிக் கொடுத்தவர் ஜென்டிலே. ஆளுகிறவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை அறிவு என்று அச்சிட்ட அந்தப் பக்கங்களை என்னால் மன்னிக்க முடியாது.

ஆனாலும் அந்த நூலை என்னால் ஒதுக்கவும் முடியவில்லை. காரணம் காயத்தானோ தே சாங்க்திஸ். ரோம் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு கற்பித்தவர். 1931இல் பேராசிரியர்கள் எல்லாரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. சுமார் 1200 பேரில் மறுத்தவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர்தான். அவர்களில் இவரும் ஒருவர். அறுபது வயதைக் கடந்த நிலையில் வேலை பறிபோயிற்று. ஆனால் கலைக்களஞ்சியத்தில் கிரேக்க, ரோமானியப் பழங்காலப் பகுதி அவர் பொறுப்பில்தான் இருந்தது. அங்கிருந்து அவரை யாரும் நீக்கவில்லை. பிரமாணம் எடுக்க மறுத்த இன்னொருவரான லெவி தெல்லா வீதாவும் அங்கே தொடர்ந்து எழுதினார். இதற்காக ஜென்டிலேயை நல்லவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்ந்தவர்களை விரட்டிவிட்டால் நூல் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

1944இல் புளோரன்ஸ் நகரில் ஜென்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். போர் முடிந்தபின், 1947இல், அந்த நிறுவனத்தின் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? அதே தே சாங்க்திஸ். 1993இல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் ரீத்தா லெவி மொந்தால்சினி. யூதர் என்பதால் 1938 இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. வீட்டுப் படுக்கையறையில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர், பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது, கண்ணு.

நீ செய்யப்போகும் வேலைக்கும் அங்கே ஒரு முன்னோடி உண்டு. இத்தாலியர் வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் தொகுதி 1960இல் வந்தது. நூறாவது தொகுதி 2020இல்தான் வந்தது. தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் பெரும்பாலான கட்டுரைகளில் எழுதியவரின் பெயர் இருக்கும்.

ஆகவே வேலையை ஏற்றுக்கொள். கையெழுத்திடும் முன் இரண்டைக் கேட்டுத் தெளிந்துகொள்: நீ எழுதும் குறிப்பின் கீழ் உன் பெயர் வருமா? நீ மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தபிறகு அதில் கைவைக்கும் அதிகாரம் யாருக்கு? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் எனக்கு உடனே தொலைபேசியில் சொல். முதலில் யாரைப் பற்றி எழுதத் தருகிறார்கள் என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா