பாய்மரப் படகுச் சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மே மாதக் கோடை முகாம் வழக்கம்போல் நடந்தது. சுதந்திர தினப் போட்டியும் நடந்தது. வடகிழக்குப் பருவமழையால் ஞாயிறு ஓட்டங்கள் சில ரத்தாயின. நிர்வாகக் குழு விதிப்படி கூடியது.

இவ்வாண்டு நம் கையில் இருந்த பெரிய வேலை புதிய ஃபார்ட்டிநைனர் (49er) என்ற இருவர் ஓட்டும் பாய்மரப் படகு. நம் இளைஞர்கள் இருவரை ஜூன் கடைசியில் ஜெர்மனியின் கீல் நகரில் நடக்கும் கீல் வாரப் பாய்மரப் போட்டிக்கு அனுப்புகிறோம். 1882-இல் தொடங்கிய போட்டி அது. 1972 ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் நடந்த ஷில்க்ஸே துறையில்தான் நம் படகும் இறங்கப்போகிறது.

"அங்கேயே வாடகைக்கு எடுத்தால் போதாதா?" என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் படகு சுமார் 5 மீட்டர் நீளம், பக்கவாட்டு இறக்கைகளோடு 2.9 மீட்டர் அகலம். ஹல் எனும் படகின் உடற்கூட்டின் எடை 94 கிலோதான். அதன்மேல் 38 சதுர மீட்டர் ஸ்பின்னேக்கர், அதாவது முன்பக்கப் பெரிய பாய், விரியும். இருவருமே பாய்மரத்திலிருந்து வரும் ட்ரபீஸ் கம்பியில் படகுக்கு வெளியே தொங்கியபடி ஓட்டுகிற படகு. கண் அலையைப் பார்த்திருக்க, கை தானாகக் கயிற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு உழைத்தது என்றே தெரியாத வாடகைப் படகின் பாய்மரத்தை நம்பி, ஒரு வாரத்தில் அந்தப் பழக்கம் வராது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று, பிறகு டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போன நம் சென்னைப் பிள்ளைகள் வருண் தக்கரும் கே.சி. கணபதியும் இதே வகைப் படகில்தான் போனார்கள். அடுத்த ஜோடி நம் கொட்டகையிலிருந்து வரட்டும் என்பதுதான் என் ஆசை.

புதுப் படகு என்றால் பிரித்தவுடன் ஓட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. இவ்வகைப் படகு எல்லாம் ஒரே அச்சு. ஹல் வடிவத்தைத் தொட விதி விடாது. ஆகவே வெற்றி தோல்வி சின்னச் சின்ன வேலைகளில் இருக்கிறது. சுக்கான் பலகையை விதி அனுமதிக்கும் அளவுக்கு ஈர உப்புத்தாளால் இழைத்து, விரல் நுனியில் சொரசொரப்பு தட்டாமல் போகும்வரை விடவில்லை. கார்பனும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகும். அதனால் அப்படித் தொடும் இடங்களில் எல்லாம் திருகுகளைக் கழற்றி, பசை தடவி மாட்டினோம். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பிகளின் இறுக்கத்தை கேஜ் வைத்துப் பார்த்து, லேசான காற்றுக்கு எவ்வளவு, பலத்த காற்றுக்கு எவ்வளவு என்று அட்டையில் எழுதி லேமினேட் செய்து கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் கார்னே. சுங்க வரி கட்டாமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர அந்தப் பத்திரம் வேண்டும். போகிற ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட வேண்டும். போனதெல்லாம் திரும்பியும் வர வேண்டும். செங்கடல் சிக்கலால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே மார்ச்சிலேயே கண்டெய்னரில் ஏற்றிவிட்டோம். ஹாம்பர்க்கில் இறக்கி, சாலை வழியாகக் கீல் போகும்.

வருத்தத்தோடு சொல்கிறேன்: இத்தனை வேலைக்கும் வந்தவர்கள் பெரும்பாலும் அதே நாலைந்து பேர்தான். படகு வாங்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் பலரைக் கொட்டகைப் பக்கமே பார்க்கவில்லை. ஏற்றுகிற அன்று ஆள் பற்றாமல், வாசலில் நின்ற லாரி ஓட்டுநரும் கிளீனரும் தோள் கொடுத்தார்கள். அவர்கள் சங்கத்து ஆட்கள் அல்ல.

கணக்கைப் பொருளாளர் வைப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகின்றன. படகுக்கு நன்கொடை போக மீதியை வைப்புநிதியிலிருந்து எடுத்தோம். குழுத் தீர்மானப்படிதான் எடுத்தோம். சந்தா பாக்கி வந்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே வேண்டாம். சிலருக்கு இரண்டு ஆண்டு பாக்கி நிற்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

துறைமுக அதிகாரிகளுக்கும், நன்கொடையாளர்களுக்கும், தணிக்கையாளருக்கும், கொட்டகைக் காவலாளிக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். படகு போய்விட்டது, பிள்ளைகளின் விமானக் கட்டணம் இன்னும் முழுதாகச் சேரவில்லை. ஜூனிலும் பால்டிக் கடல் நமக்குக் கடுங்குளிர். இருவரிடமும் இருப்பது சென்னைக் கடலுக்கான மெல்லிய உடைதான். தடித்த வெட்சூட் இரண்டு வேண்டும். அளவு என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்
சென்னை