மந்திரவாதிக்கும் உடம்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மந்திரவாதிப் பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய விஷயம். ஆனால் கட்டுரையின் நடுவே வரும் ஒரு யோசனையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பலம், லாகவம், உடல்திடம், அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு திறன்களில் அறிவுக்கு மிகப் பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார் கட்டுரையாளர். முதல் பாதியில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாம் பாதியை நம்பிப் பாத்திரம் செய்கிற பிள்ளைகள்தான் முதல் சண்டையிலேயே விழுந்து, மீதி மாலை முழுக்க மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறார்கள். ஆட்டத்தை நடத்துகிறவனாக மேசையின் மறுபுறம் உட்கார்ந்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். விசார்ட் எனப்படும் மந்திரவாதிக்கு முதல் நிலையில் கிடைக்கும் உயிர்ப்புள்ளி, அதாவது அவர் தாங்கக்கூடிய காயத்தின் அளவு, 6. அதோடு உடல்திடம் தரும் கூட்டெண்ணைச் சேர்க்க வேண்டும். உடல்திடம் 8 என்றால் ஒன்று குறைந்து 5 ஆகிறது. 14 என்றால் இரண்டு கூடி 8 ஆகிறது. மூன்று புள்ளியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். காப்ளினின் வளைவாள், ஆறுமுகப் பகடையில் விழும் எண்ணோடு இரண்டைக் கூட்டிய அளவுக்குக் காயம் செய்கிறது. 5 புள்ளி வைத்திருப்பவர் பகடையில் 3 விழுந்தாலே சாய்வார். ஆறு முகங்களில் நான்கு அவருக்கு எமன். 8 புள்ளிக்காரரைச் சாய்க்க 6 விழுந்தாக வேண்டும். காப்ளின் ஒன்றும் பெரிய அசுரன் இல்லை. முதல் மாலையே புதர் மறைவிலிருந்து கூட்டமாக வந்து விழும் அற்பப் பிறவி.

அடி விழுவதையே குறைக்கும் வேலை லாகவத்தினுடையது. கவசம் அணியாத விசார்ட், ‘மேஜ் ஆர்மர்’ மந்திரம் போட்டால் அவரது தற்காப்பு எண், அதாவது அவரை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண், 13. அதன்மேல் லாகவத்தின் கூட்டெண். லாகவம் 8 உள்ளவருக்கு 12, 14 உள்ளவருக்கு 15. அதே காப்ளின் நூற்றுக்கு 65 முறை முன்னவரை வெட்டும், பின்னவரை 50 முறை.

இதைவிட முக்கியமானது கான்சன்ட்ரேஷன். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. நல்ல மந்திரங்களில் பெரும்பாலானவை மனத்தை ஒருமுகப்படுத்திப் பிடித்துவைத்திருக்கும்வரைதான் நீடிக்கும். இடையில் அடி பட்டால் இருபது முகப் பகடையை உருட்டி, உடல்திடத்தின் கூட்டெண்ணைச் சேர்த்து, 10 அல்லது பட்ட காயத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அதை எட்ட வேண்டும். ஒரே ஒரு புள்ளி காயமானாலும் 10 எடுத்தாக வேண்டும். உடல்திடம் 8 என்றால் வாய்ப்பு சரிபாதி. 14 என்றால் நூற்றுக்கு 65.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விசார்ட், கூட்டத்தின் வாள்வீரனுக்கு ‘ஹேஸ்ட்’ மந்திரம் போட்டிருந்தார். வீரன் இரட்டிப்பு வேகத்தில் பாய்ந்து ட்ரோல் என்ற பூதத்தின் முன்னால் போய் நின்றுவிட்டான். தூரத்திலிருந்து வந்த அம்பு ஒன்று விசார்டின் தோளில் தைத்தது. நான்கு புள்ளிதான் காயம். பகடையில் 10 விழுந்தது. உடல்திடம் 8 என்பதால் ஒன்று கழிந்து 9. மந்திரம் அறுந்தது. ஹேஸ்ட் கலைந்தால் அது யார்மேல் போடப்பட்டதோ அவர் தன் அடுத்த ஆட்டமுறை முடியும்வரை நகரவும் முடியாது, கையை ஓங்கவும் முடியாது. ட்ரோல் அவசரப்படாமல் இரண்டு நகத்தையும் பல்லையும் பயன்படுத்தியது. அந்த விசார்டின் அறிவு 18! கட்டுரையாளர் சொன்னபடிதான் செய்திருந்தார்.

அறிவில் ஒரு படி இறங்கினால் குடி முழுகிவிடுமா என்றால், இல்லை. அறிவு 16 உள்ள முதல் நிலை விசார்டின் மந்திரத்திலிருந்து தப்ப எதிரி 13 எடுக்க வேண்டும்; 14 உள்ளவரிடம் 12 போதும். இருபது முகப் பகடையில் ஒரு முகம், அவ்வளவே. மேஜ் ஆர்மர், ஷீல்டு, மேஜிக் மிசைல், மிஸ்டி ஸ்டெப், ஹேஸ்ட், பறக்கும் மந்திரம், மறையும் மந்திரம் ஆகியவை வேலை செய்வதற்கு அறிவு எண்ணைக் கேட்பதே இல்லை. இதற்காக அறிவைக் குறைத்து வையுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டாவது, மூன்றாவது எண்கள் எங்கே போகின்றன என்பதில்தான் கவனம் வேண்டும்.

அறிவே எல்லாம் என்ற எண்ணம் பழைய விதிகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது என்று நினைக்கிறேன். 1978-இல் வந்த விதிநூலில் ஒன்பதாம் நிலை மந்திரத்தைப் போடவே அறிவு 18 வேண்டும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் மந்திரத்தின் நிலையோடு பத்தைக் கூட்டிய அளவுக்கு அறிவு இருந்தால்தான் அதைப் போட முடியும். அன்றைக்கு அந்த அறிவுரை நியாயமானது. இன்று நாம் ஆடும் ஐந்தாம் பதிப்பில் அந்தக் கதவு இல்லை.

ஒரு தகவல் பிழையையும் திருத்திவிடுகிறேன். மந்திரம் போடும் எல்லாப் பாத்திரங்களுக்கும் அறிவே மூலம் என்று எழுதியிருப்பது சரியல்ல. சார்சரர், வார்லாக், பார்ட் மூவருக்கும் வசீகரம். கிளெரிக்குக்கும் டுரூயிடுக்கும் விவேகம். சார்சரர், உடல்திடத்தால் தாக்குப்பிடிக்க உருட்டும் பகடை வீச்சில் பிறவியிலேயே தேர்ச்சி பெற்றவர் என்பதால், ஒருமுகப்படுத்துவதில் விசார்டைவிடக் கெட்டிக்காரர்.

எண்களைப் பகடை உருட்டிப் பெறுவதா, விதிநூல் தரும் 15, 14, 13, 12, 10, 8 வரிசையை எடுத்துக்கொள்வதா என்பதில் புதியவர்களுக்கு நான் வரிசையைத்தான் சொல்வேன். நான்கு பகடையை உருட்டிச் சிறியதை விலக்குவதில் சுவாரசியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு இரண்டு 17 விழுந்து பக்கத்தில் இருப்பவருக்கு 13-ஐத் தாண்டாமல் போனால், அந்த மனக்குறை மாதக்கணக்கில் மேசையில் உட்கார்ந்திருக்கும்.

கடைசி எண்ணான 8 பலத்துக்குப் போகட்டும் என்பது வழக்கம். நானும் அதையே செய்வேன், வலியை அறிந்துகொண்டு. 2014 விதிகளின்படி ராட்சதச் சிலந்தி வலை வீசினால் அதை அறுத்துக்கொண்டு வெளியேற 12 எடுக்க வேண்டும். பலம் 8 என்றால் பகடையில் 13 விழுந்தால்தான் விடுதலை. விசார்டுகள் வலைக்குள் கிடந்தபடியே நண்பர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் மேசையில் சாதாரணக் காட்சி. ஆட்டத்தை நடத்துகிற சிலர் பலத்தைச் சோதிக்கும் சந்தர்ப்பமே கொடுப்பதில்லை. அது அந்த 8-ஐ இலவசமாக்கிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நிறைவாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பாத்திர அட்டவணை வெளியிடும்போது அது ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலுக்கா, 2024 விதிநூலுக்கா என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். பழைய நூலில் கூடுதல் புள்ளிகள் இனத்தால் வருகின்றன. ஹை எல்ஃப் இனம் என்றால் லாகவத்தில் இரண்டு, அறிவில் ஒன்று. அதனால் 15-ஐ அறிவிலும் 14-ஐ உடல்திடத்திலும் 12-ஐ லாகவத்திலும் வைத்தால் முறையே 16, 14, 14 கிடைக்கும். புதிய நூலில் அவை பாத்திரத்தின் முன்வாழ்க்கையால் வருகின்றன. ‘சேஜ்’ எனப்படும் அறிஞர் பின்னணியை எடுத்தால் அறிவில் இரண்டு, உடல்திடத்தில் ஒன்று போடலாம். அப்போது உடல்திடத்துக்கு 13 போதும். 14 லாகவத்துக்குப் போகும். ஒரு நூலின் அட்டவணையைப் பார்த்து இன்னொரு நூலில் பாத்திரம் செய்தால் கணக்கு உதைக்கும். சென்ற இதழின் அட்டவணை இரண்டில் எதற்கும் பொருந்தவில்லை. அதற்கும் ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருச்சி.