அடுத்த மாத அறிக்கையில் க்ளிக் ஏன் குறையும்?

நாகர்கோவில்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் மாத அறிக்கையில் உங்கள் கூகுள் விளம்பரத்துக்கு வந்த க்ளிக் எண்ணிக்கை நன்றாகவே குறைந்திருக்கும். சிலருக்குப் பாதியாகக்கூட இறங்கலாம். பதற்றப்பட வேண்டாம். பணத்தைத் தின்றுவிட்டு ஒரு விசாரிப்பைக்கூட அனுப்பாத இடங்களிலிருந்து உங்கள் விளம்பரத்தை எடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.

இங்கே இடம் என்பது ஊர் அல்ல. படத்தோடு வரும் டிஸ்ப்ளே விளம்பரம் எந்த இணையதளத்தில், எந்த ஆப்பில், எந்த யூடியூப் சேனலில் தெரிந்தது என்பதுதான். நாம் குறிப்பாகச் சொல்லாவிட்டால் கூகுளே இடத்தைத் தேர்ந்தெடுக்கும். 'மேக்ஸிமைஸ் க்ளிக்ஸ்' (செலவுக்குள் முடிந்த அளவு அதிக க்ளிக் வாங்கும்) முறையில் ஓடும் விளம்பரம் மலிவான க்ளிக்கைத் தேடிப் போகும். அது எளிதில் கிடைப்பது மொபைல் கேம்களிலும் டார்ச் ஆப் போன்றவற்றிலும்தான். ஆட்டத்தின் நடுவே விளம்பரம் குறுக்கிடும், மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு இருக்கும், விரல் தவறிப் படத்தில் படும். போன் பாதி நேரம் குழந்தை கையில் வேறு. தவறிப்போன க்ளிக்குகளில் ஒரு பகுதியைக் கூகுள் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது. மீதிக்கு நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வைத்தால், மாதத்துக்கு 30.4 நாள் என்ற கூகுளின் கணக்குப்படி 9,120 ரூபாய் வரை போகும். (ஒரு நாளில் 600 ரூபாய்கூட எடுக்கும், மாதக் கணக்கில் சரிசெய்துகொள்ளும். அதனால் ஒரு நாள் செலவைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.) அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 10,761 ரூபாய் 60 பைசா. ஒரு விசாரிப்புக்கு 150 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், அதன் இருமடங்கான 300 ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு விசாரிப்பும் தராத இடத்தை விலக்குகிறோம். 60 ரூபாய் மட்டும் செலவான இடத்தை அப்படித் தீர்மானிக்க முடியாது. அது இன்னும் சோதனையே முடியாத இடம்.

ஆனால் பெரிய ஒழுக்கு இந்த விதிக்குச் சிக்குவதில்லை. ஆயிரம் ஆப்கள், ஒவ்வொன்றும் நாலு ரூபாய். எதுவும் 300-ஐத் தொடாது, கூட்டினால் 4,000 ரூபாய் போயிருக்கும். அதனால் விளம்பரம் தெரிந்த இடங்களின் பட்டியலைத் தரவிறக்கி, ஆப்களின் செலவைத் தனியாகக் கூட்டிப் பார்க்கிறோம். மொத்தமாகப் பயன் இல்லையென்றால் வகையோடு விலக்குகிறோம். கூகுள் ஆட்ஸ் தளத்தின் திரையில் ஆப் வகைகளை ஒவ்வொன்றாகத் தேர்வுசெய்ய வேண்டும். கணினியில் நிறுவிக்கொள்ளும் கூகுள் ஆட்ஸ் எடிட்டர் மென்பொருளில் 69500 என்ற எண்ணில் முடியும் குறியீடு எல்லா ஆப்களையும் ஒரே வீச்சில் விலக்கும்.

நீங்களே பார்க்க விரும்பினால்: கூகுள் ஆட்ஸில் 'கேம்பெயின்ஸ்' பகுதியில் 'இன்சைட்ஸ் அண்ட் ரிப்போர்ட்ஸ்', அதற்குள் 'வென் அண்ட் வேர் ஆட்ஸ் ஷோட்'. தேதியைக் கடந்த 60 நாளாக வையுங்கள், கடைசி 7 நாளை விட்டுவிடுங்கள். இன்று க்ளிக் செய்தவர் அடுத்த வாரம் கூப்பிடலாம். நகைக்கும் கல்யாணப் பட்டுக்கும் இன்னும் தாமதமாகும். செலவின்படி வரிசைப்படுத்துங்கள். க்ளிக் விகிதம் (விளம்பரம் தெரிந்த தடவைகளில் எத்தனை சதவீதம் க்ளிக் ஆனது என்பது) மற்ற இடங்களைவிடப் பலமடங்கு அதிகமாக இருந்தால் மகிழ வேண்டாம், அதுவே முதல் சந்தேகம். உங்கள் தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் அந்த வருகைகள் பத்து விநாடியைத் தாண்டாமல் போயிருந்தால் சந்தேகம் உறுதி. இப்படித் தவறி வந்தவர்கள் ரீமார்க்கெட்டிங் பட்டியலிலும் (ஏற்கெனவே தளத்துக்கு வந்தவர்களின் பட்டியல்) ஏறிவிடுவார்கள், அவர்களுக்கே மறுபடி விளம்பரம் காட்டி இரண்டாம் முறையும் செலவாகும்.

இடத்தின் பெயரைப் பார்த்து விலக்குவது நம் மாவட்டத்தில் பெரிய தவறு. தமிழ் விளம்பரம் மலையாளச் செய்தித்தளத்தில் தெரிந்தால் வீண் என்று தோன்றும். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் இரண்டு மொழியும் வாசிக்கிற வீடுகள் நிறைய. அங்கே கடை வைத்திருப்பவருக்கு அந்தத் தளம் நல்ல விசாரிப்பைத் தரலாம். கன்னியாகுமரி லாட்ஜ்களுக்கு ஐயப்ப சீசன் இன்னொரு கணக்கு. ஜூனில் ஒன்றும் தராத இடம் கார்த்திகையில் அறையை நிரப்பக்கூடும். அதனால் லாட்ஜ்களின் விலக்குப் பட்டியலை அக்டோபரில் மறுபடி திறந்து பார்ப்போம்.

இதையொட்டி இன்னொரு அமைப்பையும் சரிபார்க்கிறோம். ஊரைக் குறிக்கும்போது, அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டியவர்களையும் கூகுள் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. லாட்ஜுக்கு அது வரம்: போபாலில் உட்கார்ந்து கன்னியாகுமரியைத் தேடுபவர்தான் வேண்டும். தக்கலையில் டைல்ஸ் விற்பவருக்கு அது வீண் செலவு. அப்படிப்பட்ட கடைகளுக்கு 'பிரசென்ஸ்', அதாவது அந்த ஊரில் இருப்பவர்கள் என்பதை மட்டும் வைக்கிறோம். வளைகுடாவிலிருந்து ஊரில் வீடு கட்டுபவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் சொல்லுங்கள், அந்த நாடுகளைத் தனி விளம்பரமாக ஓட்டுவோம்.

தேடல் விளம்பரங்களில் டிஸ்ப்ளே நெட்வொர்க்கையும் (மேலே சொன்ன தளங்கள், ஆப்கள்) சர்ச் பார்ட்னர்களையும் (கூகுள் தேடல் விளம்பரத்தைக் காட்டும் பிற தளங்கள்) நீக்குகிறோம். தேடல், யூடியூப், டிஸ்ப்ளே எல்லாவற்றிலும் ஒரே விளம்பரமாக ஓடும் பர்ஃபாமன்ஸ் மேக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு முழுவதற்குமான விலக்குப் பட்டியல் பொருந்தும். ஃபேஸ்புக்கில் அதன் விளம்பரத்தை வெளி ஆப்களில் காட்டும் 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' இதே நோய்க்கு ஆளாகும் இடம். இடத்தை நாமே தேர்ந்தெடுக்கும் 'மேனுவல் பிளேஸ்மென்ட்' வைத்து அதை எடுத்துவிடுகிறோம்.

அளவுக்கு மீறி விலக்கினாலும் கெடுதிதான். இடம் சுருங்கினால் மிச்சமிருக்கும் இடங்களில் போட்டி கூடி, ஒரு க்ளிக்கின் விலை ஏறும். எனவே முதல் மாதம் ஆப்களும் குழந்தைப் பாட்டுச் சேனல்களும் மட்டும். தளங்களை இரண்டாம் மாதத்திலிருந்து, மேலே சொன்ன 300 ரூபாய் விதிப்படி.

இவ்வளவும் சரியாக நடக்க உங்கள் உதவி ஒன்று வேண்டும். வாட்ஸ்அப் பொத்தானும் படிவமும் எங்கள் கணக்கில் பதிவாகின்றன. போர்டில் உள்ள எண்ணுக்கு நேராக வரும் அழைப்பும், கடைக்கு நேரில் வருபவரும் பதிவாவதில்லை. அது தெரியாமல் விலக்கினால் நல்ல இடத்தையே வெட்டிவிடுவோம். கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வருபவரிடம் "எங்க பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு, தேதியோடு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால், அறிக்கையில் சேர்த்து 10-ஆம் தேதி தருவோம். எந்தெந்த இடங்களை விலக்கினோம், ஒவ்வொன்றும் எவ்வளவு தின்றது என்ற பட்டியலும் கூடவே வரும். அதில் ஏதாவது இடத்தைத் திரும்பச் சேர்க்கச் சொன்னால் அன்றே சேர்க்கிறோம்.

அன்புடன்,
உங்கள் விளம்பரக் கணக்குகளைக் கவனிக்கும் குழுவினர்